துணைவேந்தர்களை எனக்குத் தெரியும்

சத்துவாச்சாரி
வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான கிரேஸி அக்காவுக்குத் தம்பி ஜேக்கப் எழுதிக்கொள்வது. உனக்கும் மாமாவுக்கும் தோத்திரம். இங்கே என் சர்க்கரையைத் தவிர எல்லாரும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

"உனக்குத்தான் எல்லாத் துணைவேந்தரையும் தெரியுமே, என் பொண்ணு கரோலினுக்காக ஒரு வார்த்தை சொல்லுடா" என்று கேட்டாய். தெரியும்தான். இருபத்தாறு வருஷமாகப் பேப்பரில் உயர்கல்விச் செய்தி எழுதுகிறேன். ஒன்பது துணைவேந்தர்களை வரவேற்று எழுதினேன், ஏழு பேரை வழியனுப்பி எழுதினேன், மீதி இரண்டு பேரைப் போலீஸ் வழியனுப்பியது. இப்போது ஏலகிரிப் பல்கலைக்கழகத்தில் அந்த நாற்காலி பதினெட்டு மாதமாகக் காலி, அதற்குப் பதில் மூன்று பேர் கமிட்டி. தோல் கழிவுநீரைப் பற்றி நம்ம பிள்ளை ஆறு வருஷம் பாடுபட்டு எழுதிய ஆய்வேட்டுக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வுத் தேதி குறிக்க மூன்று பேரும் கையெழுத்துப் போடணும். மற்ற இருவர் போட்டால் போடுகிறேன் என்றார் முதல் ஆள், இரண்டாவது ஆளும் அதையே சொன்னார், மூன்றாவது ஆள் மலேசியா போய்ட்டார், கல்விச் சுற்றுலாவாம். இருபதாம் தேதிக்குள் வைவா முடியாவிட்டால் அவளுக்குக் கிடைத்த கல்லூரி வேலை வேறு ஆளுக்கு. அவள் ஷூ கம்பெனியிலேயே லேபிள் ஒட்டிக்கொண்டு கிடக்கணும்.

நேற்று வெட்கத்தை விட்டுத் துணைவேந்தர் ஆபீசுக்கே போனேன். அங்கே பி.ஏ.வாக இருக்கும் விஜயகுமாரி மேடம், "இன்னா சார், நீங்களே இப்டி வந்து நிக்கறீங்க?" என்று சுவரைக் காட்டினார். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள் அக்கா, நான் எழுதியதையே. 'சிபாரிசுக்கு இங்கே வேலையில்லை: துணைவேந்தரின் நேர்மைப் புரட்சி.' எட்டு வருஷத்துக்கு முந்தையது. அந்த நேர்மையாளரை அப்புறம் வீட்டுக்கே வந்து பிடிச்சிட்டுப் போனாங்க, என் கட்டுரையை மட்டும் யாரும் கழட்டல. "வர்ற பிள்ளைங்களுக்கு இதைக் காட்டித்தான் சார் திருப்பி அனுப்பறோம். கலவை ஊர்லேர்ந்து ஒருத்தர் ஒம்பது வாட்டி வந்தாரு, அப்றம் வரல" என்றார். அவன் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் தற்கொலைச் செய்தியை எழுதியதும் நான்தான். நாலு வரி. காரணம் வயிற்றுவலி என்று போட்டிருந்தேன், விசாரிக்கவில்லை. 

போதும். இன்று எல்லாவற்றையும் பேரோடு எழுதிப் பேப்பருக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிறு வரும். வேலை போனாலும் போகட்டும், கரோலினை வாசிக்கச் சொல். கர்த்தர் அவளைக் கைவிட மாட்டார். மாமாவைச் சுருட்டைக் குறைக்கச் சொல்.

உன் தம்பி,
ஜேக்கப்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் விஜயகுமாரி மேடம் போன் செய்தார். நான் எழுதியது அதற்குள் அங்கே தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமை புதுத் துணைவேந்தர் வருகிறாராம், கரோலினுக்குப் பதினெட்டாம் தேதி வைவாவாம், ஒரு நல்ல வரவேற்புக் கட்டுரை மட்டும் வேண்டுமாம். முந்தின கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் காரணம்கூடக் கேட்கவில்லை. புதுசை எழுத இருபது நிமிஷம்தான் ஆச்சு, பழைய வரவேற்பில் பேரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பேப்பரை அவள் கண்ணில் காட்டிவிடாதே, அக்கா.