யாரும் சாகாத சுமைதாங்கி

கொல்லம் 1087-ஆம் ஆண்டு (கி.பி. 1912) தை மாதம், பாறசாலைச் சந்தையிலிருந்து குன்னத்துகாலுக்குப் போகும் சாலையின் மேற்கு ஓரத்தில், கைலாசம் பிள்ளை தன் செலவில் ஒரு சுமைதாங்கி நட்டார். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல்தூண். அவற்றின் மேல் ஒரு நீளக் கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் பிறர் உதவி இல்லாமலே சுமையை அதில் தள்ளிவைத்து மூச்சு வாங்கலாம்.

மறுநாள் காலையில் துட்டிக்கு, சாவு விசாரிக்க, முதல் ஆள் வந்துவிட்டார்.

வந்தவர் தாணு பிள்ளை. கைலாசம் பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவையும் தவறவிடாதவர். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"யாரு மக்கா? எப்போ? எனக்கு ஒரு சொல்லு சொல்லி விடப்பிடாதா?"

கைலாசம் பிள்ளை பல் தேய்த்துக்கொண்டிருந்த உமிக்கரியைத் துப்பினார். "யாருக்கு என்ன?"

"நீயே இப்படிக் கேட்டா எப்படி? சாலையில கல்லு நிக்கே."

அந்தப் பக்கத்தில் சுமைதாங்கி நடுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வீட்டுப் பெண் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோனால் அவள் பெயரால் வழியோரத்தில் ஒரு கல் நடுவார்கள். அவள் இறக்கிவைக்காமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கிவைக்கட்டும் என்பது நம்பிக்கை. கைலாசம் பிள்ளைக்கு இது தெரியாததல்ல. ஆனால் அவர் பகுதிக் கச்சேரி என்ற வரி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்துப் பென்சன் வாங்குகிற மனிதர். கிணறு, பாலம், அஞ்சல் பெட்டி போல இதுவும் ஊருக்கு ஒரு சௌகரியம் என்றுதான் நினைத்தார்.

"யாரும் சாகல்லே அண்ணாச்சி. சுமட்டுக்காரிகளுக்காக்கும் வெச்சேன்."

தாணு பிள்ளை யோசித்தார். "அதுக்கு ஒரு ஆள் சாகண்டாமா?"

"சாகண்டாம்."

"அப்படி ஒரு வழக்கம் உண்டா?"

"இல்லே. இனிமே உண்டு."

தாணு பிள்ளை சமாதானம் ஆகவில்லை. கொடுத்த சுக்குவெள்ளத்தைக் குடித்துவிட்டு, "மனசைத் தளர விடாதே" என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கல் நடும் எண்ணம் பிள்ளைக்கு மார்கழியில் வந்தது. அன்று சந்தை நாள். சுகிர்தபாய் என்ற சுமட்டுக்காரி மரச்சீனிக் கிழங்கு நிறைந்த கடவப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவ்வளவு பாரத்தைத் தனியாக இறக்க முடியாது. யாராவது ஒரு கை கொடுக்க வேண்டும். சாலையில் அப்போது இருந்த ஒரே ஆள் கைலாசம் பிள்ளை. அவரோ அவள் கேட்கக்கூடாத ஆள். அவளோ அவர் தொடக்கூடாத சாதி. இருவரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். வேறொரு சுமட்டுக்காரி வந்து கை கொடுக்கும் வரை அப்படியே நின்றார்கள். அன்று பிள்ளை மத்தியானம் சாப்பிடவில்லை.

அந்த வாரமே கல்வேலைக்காரன் பொன்னையனை வரவழைத்தார்.

"மேல்கல்லு எவ்வளவு நீளம் வேணும் ஏமானே?"

பிள்ளை அவனை வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்துக்கு அழைத்துப் போனார். தண்ணீரை ஒட்டி ஒரு நீளக் கல் படியாகக் கிடந்தது. "இது போதும். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போ எங்க அப்பா போட்ட படி. இன்னைக்கு வரைக்கும் அசையல்லே."

பொன்னையன் எட்டி நின்று குனிந்து பார்த்தான். "கொள்ளாம். நல்ல கல்லு. ரெண்டு அற்றத்திலயும் குழி கிடக்கே?"

"ஒண்ணு எண்ணெய்க் கிண்ணம் வைக்க. மத்தது சீயக்காய்ச் செரட்டைக்கு. எங்க அப்பா எதையும் யோசிச்சுத்தான் செய்வாரு."

பொன்னையன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு, "இதே அளவில செய்யலாம் ஏமானே" என்று மட்டும் சொன்னான்.

தாணு பிள்ளை துட்டி கேட்டுவிட்டுப் போனதும், பிள்ளையின் மனைவி பிச்சம்மாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஊருக்கு உபகாரம் செய்ய உங்களுக்கு வேற ஒண்ணும் கிடைக்கல்லியா? ஒரு கிணறு வெட்டியிருக்கலாம். ஒரு ஆல் நட்டிருக்கலாம். வயித்துப் பிள்ளைக்காரி இருக்கப்பட்ட குடும்பத்தில நடுற கல்லா இது?"

"நம்ம மரகதம் நெய்யாற்றின்கரையில சுகமாத்தானே இருக்கா."

"இருக்கா. ஏழாம் மாசம் ஆச்சு. அவளைப் பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வரணும். வண்டி அந்தக் கல்லைத் தாண்டித்தான் வரணும். ஓர்மை இருக்கா?"

பிள்ளைக்கு அது நினைவில் இருக்கவில்லை. மரகதவல்லி அவர்களுக்கு ஒரே மகள். தலைப் பிரசவம். கட்டிக்கொடுத்த வீட்டில் மாமியார் இல்லை. மாமனாரும் புருஷனும் மட்டும்தான். பிரசவம் பார்க்கவும் பக்கத்தில் இருக்கவும் அங்கே பெண் துணை கிடையாது.

எழுதி வைத்தால் எந்தத் தர்க்கமும் தீர்ந்துவிடும் என்று கச்சேரியில் இருந்த காலத்திலிருந்தே பிள்ளைக்கு ஒரு நம்பிக்கை. பொன்னையனைக் கூப்பிட்டுக் கல்லின் முகப்பில் 'கைலாசம் பிள்ளை உபயம்' என்று கொத்தச் சொன்னார். அவனும் ஆழமாகவே கொத்தினான்.

அதுவரை யாரோ ஒருத்தி இறந்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்திருந்தவர்களுக்கு, எந்த வீட்டுக்காரி என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. கல்லின் மேல் சிவப்பு அரளிப்பூ வந்தது. அகல் விளக்கு வந்தது. மஞ்சள் பூசினார்கள். குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணத் தரகரும் வந்தார்.

பிச்சம்மாள் அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"இந்த வயசில தனியா இருந்தா ஆளு ஒடிஞ்சு போவாங்க," என்று தரகர் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார். "நமக்குத் தெரிஞ்ச இடத்தில ஒரு பொண்ணு உண்டு. அடக்கமானவ. நல்லாச் சமைப்பா."

"யாருக்குப் பொண்ணு?" என்று பிச்சம்மாள் கேட்டாள்.

"இவருக்காக்கும். நீங்க மரிச்ச அம்மைக்கு என்ன வேணும்? அக்காவா?"

"நான்தான் மரிச்ச அம்மை."

தரகர் மோரைத் தொடவில்லை. விட்டுப்போன குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

சம்பந்தியிடமிருந்து ஆள் வந்தது அதற்கு மறுநாள். பெண்ணை இப்போது அனுப்புவதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். கைலாசம் பிள்ளை வில்வண்டி பூட்டி நெய்யாற்றின்கரைக்குப் போனார்.

சம்பந்தி நெல்லையப்ப பிள்ளை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வக்கீல்கள் விசாரிப்பதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் குசலம் விசாரிப்பதும் அந்த முறையில்தான்.

"கல்லு நட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"பேரு கொத்தினதும்?"

"அதுவும் நான்தான்."

"வீட்டில பெண்ணுங்க யாராவது செத்தாங்களா?"

"இல்லே. யாரும் சாகல்லே. சுமட்டுக்காரிகளுக்கு..."

"கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும். பிள்ளைத்தாய்ச்சியாச் செத்தவளுக்கு நடுற கல்லுதானே அது?"

"வழக்கம் அப்படித்தான்."

"உங்க குடும்பத்தில இப்போ பிள்ளைத்தாய்ச்சி யாரு?"

"மரகதம்," என்றார்.

நெல்லையப்ப பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். "இனி நான் கேட்க ஒண்ணும் இல்லே. கல்லைப் பேத்து எடுங்க, அதை என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா யாரும் சாகல்லேன்னு சொல்ல ஒரு சாட்சியைக் கொண்டு வாங்க. உங்க வீட்டு ஆளு ஆகாது. ரெண்டும் இல்லேன்னா பிரசவம் இங்கதான்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"அப்பா, செத்தது நானா அம்மையா? ஊர்ல ரெண்டு அபிப்பிராயம் உண்டாமே."

"உள்ளே போ மக்கா," என்றார் நெல்லையப்ப பிள்ளை.

மரகதவல்லி போகவில்லை. குரல் மட்டும் இறங்கியது. "எனக்கு இங்க பேடியும் பயமுமா இருக்கு அப்பா. அந்த நேரத்தில அம்மை பக்கத்தில வேணும்."

கைலாசம் பிள்ளை வீட்டுக்குப் போகாமல் நேரே பொன்னையனின் குடிசை இருந்த தோப்புக்குப் போனார். வரப்பில் நின்று கூப்பிட்டார்.

"எலே பொன்னையா, கல்லைப் பேத்து எடுக்கணும்."

பொன்னையன் உளியைக் கீழே வைத்தான். "அது முடியாது ஏமானே. அந்த அம்மை விடமாட்டா."

"எந்த அம்மை? நட்டவன் நீயாக்கும். யாரும் சாகல்லேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஏமானே. நடும்போ யாரும் சாகல்லே. ஆனா இப்போ செத்தாச்சே. பூ வெச்சாச்சு, விளக்கு வெச்சாச்சு. எனக்கும் வீட்டில பெண்ணு பிள்ளை உண்டு."

வேறு இரண்டு பேரிடமும் கேட்டார். ஒருவனுக்கு இடுப்பு வலி. இன்னொருவன், தான் கல்வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். பேசும்போதும் கல் கொத்திக்கொண்டுதான் இருந்தான்.

சனிக்கிழமை காலையில் கைலாசம் பிள்ளை தானே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போனார். அதற்கு முன் அவர் கடப்பாரையைத் தூக்கியதில்லை. தாணு பிள்ளை துணைக்கு வந்தார். ஆனால் கல்லுக்கு இருபது அடி தள்ளியே நின்றுகொண்டார். "நான் இங்க நின்னு பாத்துக்கிடுதேன் மக்கா. நீ செய்."

சொன்னபடியே நெல்லையப்ப பிள்ளையும் வில்வண்டியில் வந்து சேர்ந்தார். பெண்ணைக் கூட்டி வர அவருக்கு மனமில்லை. வராமல் இருக்க அவளுக்கு மனமில்லை. வண்டியின் பின் திரையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு மரகதவல்லி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தைக்குப் போகும் சுமட்டுக்காரிகள் அப்போதுதான் அந்த இடத்துக்கு வந்தார்கள். கல்லில் சுமை வைக்க வந்தவர்கள், கடப்பாரையைக் கண்டதும் சாலைக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். கடவங்கள் அவர்கள் தலையிலேயே இருந்தன.

பிள்ளை மேல்துண்டைக் கழற்றி வேலியில் போட்டார். தூணின் அடியில் கடப்பாரையைக் குத்தினார். சிறிது மண் பெயர்ந்தது. இரண்டாம் குத்துக்கு அவர் கையை ஓங்கியபோது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏமானே, அதைப் பேக்கண்டாம். அதில யாரும் சாகல்லே."

பேசியவள் சுகிர்தபாய்.

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. நெல்லையப்ப பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"செத்துப்போனதாச் சொன்னதே நாங்களாக்கும். கல்லு நட்ட அன்னைக்கே எல்லாரும் பேசி வெச்சோம். சந்தையில நான் சொன்னேன். ஆத்துக்கரையில இவ சொன்னா. அரளிப்பூ வெச்சதும் நாங்கதான்."

கைலாசம் பிள்ளையின் முகம் சிவந்தது. வயிற்றில் பிள்ளையோடு மகள் வண்டியில் இருக்கிறாள் என்பதையும் மறந்து கத்தினார்.

"உங்களுக்காகத்தானேடி வெச்சேன்! நீ அன்னைக்கு நின்ன நிலையைப் பாத்துத்தான் வெச்சேன்! அதுக்கு எனக்க வீட்டில ஆளைக் கொல்லணுமா?"

"ஏமான் நல்ல மனசில வெச்சது எங்களுக்குத் தெரியும்," என்றாள் சுகிர்தபாய். கடவத்தின் பாரத்தில் அவள் கழுத்து இறுகியிருந்தது. குரலில் கோபம் இல்லை. "நல்ல மனசில வெச்ச கல்லு இந்தச் சாலையில நிக்காது. செத்தவளுக்க கல்லுன்னா எவனும் தொடமாட்டான். அதுக்காக்கும் சொன்னோம்."

"நல்ல கல்லை எவன் வந்து தொடப்போறான்?" என்று கேட்டார் கைலாசம் பிள்ளை.

சுகிர்தபாய் கூட வந்தவர்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள், "சொல்லுக்கா" என்றாள்.

"இதே இடத்தில முன்னே ஒண்ணு நின்னது ஏமானே. எங்க அம்மை சொமடு இறக்கின கல்லு. யாரோ ஒரு புண்ணியவான் வெச்சது, சாவு ஒண்ணும் இல்லே. ஏமானுக்க அப்பா, பெரிய ஏமான், ஒரு நாளு அதை வண்டியில ஏத்திட்டுப் போனாரு. அதிலதான் ஏமான் தினமும் எண்ணெய்க் கிண்ணம் வெக்கியது."

நெல்லையப்ப பிள்ளை வேறு சாட்சி கேட்கவில்லை. மரகதவல்லி அதே வண்டியில் தகப்பன் வீட்டுக்குப் போனாள். சித்திரையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்கு முன்பே, மாசி மாதத்தில், கைலாசம் பிள்ளையின் குளத்துப் படி பெயர்க்கப்பட்டு, குன்னத்துகால் திருப்பத்தில் புதிதாக நட்ட இரண்டு தூண்களின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டது. குழிகள் தூண்களில் சரியாகப் பொருந்தின. மறுநாள் காலையில் தாணு பிள்ளை மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, இந்தத் தடவை யார் என்று கேட்டார். கைலாசம் பிள்ளை, தூரத்து உறவில் ஒருத்தி என்றார்.