சைலன்சருக்கு ஒரு விண்ணப்பம்

மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி எண் 120: ஒவ்வொரு வாகனத்திலும், வெளியேறும் புகையின் சத்தத்தை இயன்ற மட்டும் குறைக்கும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நான் அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடியிருந்தால் என் மகள் கல்யாணம் ஒழுங்காக நடந்திருக்கும். மேலே படித்தேன். (ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை?)

என் மனைவியின் தம்பி சேகர், புதுச்சேரியில் யாரிடமோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வைத்திருந்தான். இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது. சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கை தடிமனில் ஒரு குழாயை மாட்டியிருந்தான். அவன் மஞ்சக்குப்பம் மைதானத்தருகே வண்டியைக் கிளப்பினால், எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடக்கும்.

2007இல் மகளுக்குச் சிதம்பரத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்கு எங்கள் குடும்பத்தில் மிகவும் பிடித்தது அந்தக் கார்தான் (என் மகளையும் சேர்த்தே சொல்கிறேன்). மாப்பிள்ளை அழைப்புக்கு அதில்தான் வருவேன் என்றார். அவருடைய அப்பா என்னைத் தனியே அழைத்தார். முந்தின வருஷம்தான் அவருக்கு இதய ஆபரேஷன் ஆகியிருந்தது.

“சம்பந்தி, வெடி கிடி ஒண்ணும் வேணாம். திடீர்னு சத்தம் கேட்டா ஆவாதுன்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. அந்த வண்டிய மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க.”

“நான் பொறுப்பு” என்றேன். சர்வீஸில் இருந்தவரை என் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

மறுநாளே சேகர் ஒரு மெக்கானிக்கையும் புது சைலன்சரையும் கொண்டுவந்தான். நான் குறுக்கே நின்றேன். வாகனத்தில் மாற்றம் செய்வதென்றால், சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி முன் அனுமதி வேண்டும்.

“கழட்டனப்ப யாரையும் கேக்கல. மாட்டறதுக்கு எதுக்கு மாமா பர்மிசன்?”

“கழட்டனது நீ. மாட்டறது என் பொறுப்புல நடக்குது.”

அவன் சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான். “அக்கா, உன் வூட்டுக்காரரு தும்மறதுக்கும் ஆர்டர் வாங்குவாரா?”

“அதுக்கு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்தும் வச்சிப்பாரு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

விண்ணப்பத்தை உரிய அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முகூர்த்தம் நெருங்கியது, பதில் நெருங்கவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. சம்பந்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதாகக் கனவு வந்தது. தெருமுனையில் என்னைக் கண்டதும் தபால்காரர் வேறு சந்துக்குள் திரும்ப ஆரம்பித்தார்.

கடைசியில் எனக்கு ஒரு வழி தோன்றியது. இன்ஜின் ஓடினால்தானே சத்தம்? ஊர்வலம் போவது நடக்கிற வேகத்தில். தள்ளிக்கொண்டு போனால் ஆயிற்று. எந்த விதியும் தடுக்கவில்லை, பார்த்துவிட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று மாலை, சிதம்பரத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு புறப்பட்டோம். முன்னால் நாதஸ்வரம், இருபுறமும் தலையில் டியூப்லைட் சுமந்தவர்கள், பின்னால் வியர்க்க விறுவிறுக்க என் தம்பி பிள்ளைகள். சேகர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். சாவி என் சட்டைப் பையில்.

“தேரு மாரி வருது சம்பந்தி!” என்று மகிழ்ந்துவிட்டு, மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நடந்தார். எனக்குக் கண்ணில் நீர் கோத்தது.

தெற்கு வீதி முனையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் நின்றிருந்தார்.

“என்னாய்யா இது? பெட்ரோல் போடக்கூட வக்கில்லாம பொண்ணு வூட்டுக்காரங்க தள்ளிக்கினு வராங்க!”

தெருவே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நானே சாவியை எடுத்து நீட்டினேன்.

“வாணாம் மாமா” என்றான் சேகர். வாழ்க்கையில் முதல்முறையாக.

“மெதுவா ஒரு தடவ கிளப்பிக் காட்டிட்டு நிறுத்திடு.” (மெதுவாக. அந்த வண்டியை!)

சம்பந்தி நாதஸ்வரக்காரர்களோடு வெகுதூரம் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். மகனைக் கண்குளிரப் பார்க்கத் திரும்பி வந்தவர், குழாய்க்கு மூன்றடி தள்ளி நின்றிருந்தார்.

வெடித்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. ஒரு டியூப்லைட் கீழே விழுந்து நொறுங்கியது. சம்பந்தி ஒரு பெட்டிக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கை நெஞ்சில் இருந்தது. மனப்பாடமாக நான் வைத்திருந்த விதிகளில் ஒன்றுகூட அப்போது நினைவுக்கு வரவில்லை. மகளின் முகம் மட்டும் வந்தது.

மாப்பிள்ளை மாலையோடு கதவைத் தாண்டிக் குதித்து ஓடினார்.

“டேய், சட்டப் பையில மாத்திர இருக்குது, எடு” என்றார் அவர். நாக்கடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

“சம்பந்தி, பயப்படாதீங்க. கல்யாணம் நடக்கும். ஆனா அந்த வண்டி நான் இருக்கற தெருவுல வரக் கூடாது.”

தலையாட்டினேன். அதை எழுத்துப்பூர்வமாகக் கேட்கவில்லை.

மாப்பிள்ளை மண்டபத்துக்கு நடந்தே வந்தார். அன்றிலிருந்து நாங்கள் சிதம்பரம் போகும்போதெல்லாம் சம்பந்தி வாசலிலேயே மறித்து, “தள்ளிக்கினு வந்தீங்களா, ஓட்டிக்கினு வந்தீங்களா?” என்று கேட்ட பிறகுதான் உள்ளே விடுவார்.

என் விண்ணப்பத்துக்குப் பதிலும் வந்தது. சைலன்சர் பொருத்த அனுமதி ஏதும் தேவையில்லை; அது இல்லாமல் வாகனம் ஓடியதாகத் தாங்களே எழுத்தில் தெரிவித்திருப்பதால் அதற்கு மட்டும் விளக்கம் அளிக்கவும் என்றிருந்தது. உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் சம்பந்தி அதை வாங்கி, மூச்சு முட்டச் சிரித்துச் சிரித்து இரண்டு முறை உரக்கப் படித்தார். அது 2010 ஆவணியில், எங்கள் பேத்திக்குக் காது குத்திய நாள்.