ரோசாப்பூவுக்குத் தாலி கட்டிய மாப்பிள்ளை

தாலி, கமலாசனியின் கழுத்துக்குக் கிட்டப் போய் அப்படியே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். ஐயர் வாயைத் திறந்தபடி நின்றார். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பினது உப்பினபடியே இருந்தது. தேவராசா மௌஸைத் தட்டினான், மேசையைத் தட்டினான், கடைசியில் தன் நெற்றியிலும் தட்டிப் பார்த்தான். கொம்பியூட்டர் அசைந்து கொடுக்கவில்லை.

"இன்னும் கட்டேல்லையோ?" என்று பின்னால் கதிரையிலிருந்து கேட்டார் நவரட்ணராஜா மாஸ்டர். பெண்ணைப் பெற்றவர்.

"இந்தா கட்டப் போறார் மாஸ்டர். கொஞ்சம் பொறுங்கோ."

"காலமையிலயிருந்து கட்டப் போறார் எண்டுதான் சொல்லுறீர். கோயிலிலகூட இவ்வளவு நேரம் செல்லேல்லை."

தேவராசா கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். சனி ஞாயிறுகளில் கலியாண வீடியோக்காரன். கட்டுகலையில் ஆஸியா உம்மாவின் மாடியில் மனைவி லீலாதேவியோடு குடியிருந்தான். படம் பிடிப்பதில் சூரன். எடிட்டிங்கில்தான் சனியன் பிடித்தது, அதுவும் இந்தப் பழைய பெட்டியால்.

சாதாரண வீடியோ என்றால் மாதக்கணக்கில் இழுத்தடித்திருப்பான். இது அப்படியில்லை. திங்கட்கிழமை கொழும்பிலே, கனடாத் தூதரகத்தில், கமலாசனிக்கு விசா நேர்முகம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து திருச்சிக்கு வந்து, அங்கே பதிவுத் திருமணத்தை முடித்துக்கொண்டு, சொந்தபந்தத்தின் ஆசைக்காக ஒரு எட்டு கண்டிக்கும் வந்து பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் போயிருந்தார். வெறும் பதிவுப் பத்திரத்தை நம்பமாட்டார்கள், உண்மையான கலியாணம்தான் என்பதற்கு வீடியோ காட்ட வேண்டும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த நேரம். இந்த நேர்முகம் தவறினால் அடுத்தது எந்த வருடமோ, அதற்குள் நாட்டில் என்னவெல்லாம் நடக்குமோ, யாருக்குத் தெரியும்?

பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து மெல்லப் புகை கிளம்பியது.

"அது ஓமப் புகையோ தம்பி?"

"இல்லை மாஸ்டர். இது எங்கட வீட்டுப் புகை."

அன்று பின்னேரமே லீலாதேவி அலுமாரியைத் திறந்து, ஃபிரிட்ஜ் வாங்கச் சேர்த்த காசை எடுத்துக் கணவன் கையில் வைத்தாள்.

"மீனை அண்டண்டைக்கு வாங்கிச் சமைக்கலாம். அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கையை ஐஸில வைக்கேலாது. போய் நல்லதா ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஃபிரிட்ஜுக்கே காணாத காசு அது. புதுக் கொம்பியூட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேவராசா நேரே மக்கீன் நானாவின் கடைக்குப் போனான். யட்டிநுவர வீதிக்குப் பின்னால், பழைய கொம்பியூட்டர்களை வாழைக்குலை போல அடுக்கி வைத்திருந்த கடை.

"வீடியோ எடிட்டிங்குக்கா?" மக்கீன் நானா தாடியைத் தடவினார். "இந்தா பாருங்க, இது பேங்க்ல இருந்து வந்தது. காலம்பற ஒம்பதுக்குப் போட்டா பின்னேரம் மூணு மட்டும் ஒரு கொறையும் சொல்லாது."

"மூண்டுக்குப் பிறகு?"

"அது பேங்க் பழக்கம் தம்பி, நாம என்ன செய்யலாம்? இந்தா, இது நெட் கஃபேல இருந்தது. ஓட்டமோ ஓட்டம்."

"கீபோர்டில பாதி எழுத்தைக் காணேல்லை."

"எழுத்து எதுக்கு? நீங்க படம்தானே காட்டப் போறீங்க!"

தேவராசா உதட்டைப் பிதுக்கினான். வீடியோ வேலைக்கு நல்ல ப்ரொசெஸர் வேண்டும், ரேம் கூட வேண்டும், ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருக்க வேண்டும், கேமராவைக் கொழுவுகிற கார்ட் வேண்டும் என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். மக்கீன் நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூலையில் துணி போர்த்தியிருந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்.

"அப்ப இதுதான் ஒங்களுக்கு. அக்குறணைல ஸ்டூடியோ வெச்சிருந்த றிஸ்வியோட பெட்டி. அவர் கட்டாருக்குப் போய்ட்டார். நீங்க சொன்ன அத்தனையும் உள்ளுக்கு இருக்கு. எத்தனை நிக்காஹ் பார்த்த பெட்டி தெரியுமா? கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

தேவராசா கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்துப் போனான். வினை அங்கேதான் பிடித்தது.

முதல் வினை சோதனைச் சாவடியில் நின்றது. த்ரீவீலரில், மடியில் ஒரு இரும்புப் பெட்டியோடு, வியர்த்து விறுவிறுத்து, யாழ்ப்பாண அடையாள அட்டையோடு ஒருவன் வந்தால் ஆமிக்காரன் என்ன, ஆரத்தியா எடுப்பான்?

"மேக்க மொகத்த?" பெட்டியைக் காட்டி, இது என்ன என்று கேட்டான்.

தேவராசாவுக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது. "கலியாணம்," என்றான். "உள்ளே கலியாணம்."

பெட்டியைத் திறந்தார்கள். ஒருவன் டோர்ச் அடித்தான், ஒருவன் வயரை இழுத்தான், ஒருவன் காதை வைத்துக் கேட்டான். கலியாணம் எதுவும் கேட்கவில்லை. திரும்பப் பூட்டிக் கொடுத்தபோது கையில் இரண்டு ஆணி மிச்சம் இருந்தது. அதையும் மரியாதையாகத் தேவராசாவின் சேட்டுப் பொக்கெற்றில் போட்டு அனுப்பினார்கள்.

வீட்டில் கொழுவியதும் பெட்டி குதிரையாகப் பறந்தது. தாலி கட்டு, அட்சதை, அம்மி மிதிப்பு எல்லாம் கேமராவிலிருந்து ஒரே மூச்சில் உள்ளே ஏறின. ஆனால் ஆமிக்காரன் இழுத்த இழுப்பில் உள்ளே விசிறி வயர் அறுந்திருந்தது. பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. தேவராசா மூடியைக் கழற்றி, வீட்டு மின்விசிறியைக் கிட்ட வைத்தான். விசிறிக் காற்றில், மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டுப் போன விசாக் கடுதாசியெல்லாம் ஜன்னலால் பறக்க, லீலாதேவி கீழே ஓடிப்போய் பலாமரத்தடியில் பொறுக்கினாள்.

அதெல்லாம் போகட்டும். சனிக்கிழமை காலை மாஸ்டர் வந்து பெருமையோடு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் மாப்பிள்ளை மணவறைக்கு வந்தார். தோழி கையைப் பிடித்து மணப்பெண்ணைக் கூட்டி வந்தாள். மணப்பெண்ணின் கழுத்துக்கு மேலே ஒரு பெரிய ரோசாப்பூ மெல்ல இதழ் விரித்தது.

"என்ர பிள்ளை எங்க?"

"பூவுக்குப் பின்னால நிக்கிறா மாஸ்டர்."

மாப்பிள்ளை ரோசாப்பூவுக்குத் தாலி கட்டினார். ரோசாப்பூ வெட்கத்தோடு குனிந்தது. மாமியார் ரோசாப்பூவைக் கட்டிப்பிடித்து அழுதார்.

தேவராசா பதறியடித்து மக்கீன் நானாவுக்கு ஃபோன் போட்டான்.

"ஆ, அந்தப் பூவா!" என்றார் அவர் வெகு சாவகாசமாக. "பொண்ணு மொகத்தை வெளி ஆம்புளைங்க பார்க்கக் கூடாதுன்னு குடும்பத்துல சொல்லுவாங்க இல்லியா? றிஸ்வி அதுக்குன்னே பூவைச் செட் பண்ணி வெச்சிருக்கார். பொண்ணு வாற எடத்துல எல்லாம் நீங்க கேக்காமலே வரும். ஃப்ரீதான் தம்பி, அதுக்குத் தனியாக் காசு எடுக்கல்ல."

"எடுக்கிறது எப்பிடி நானா?"

"அது றிஸ்விக்குத்தான் தெரியும். அவர் கட்டார்ல."

தேவராசா பூவை இடப்பக்கம் இழுத்தான். அது மாப்பிள்ளையின் முகத்தில் போய் உட்கார்ந்தது.

"ஐயையோ, மாப்பிள்ளை தெரிய வேணும்!" மாஸ்டர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "பிள்ளை தெரியாட்டிலும் காரியமில்லை, அவள் நேரில போறாள்தானே. அவர்தான் பளிச்செண்டு தெரிய வேணும்!"

மேலே இழுத்தான். ஐயருக்குப் பூத்தது. சின்னதாக்கினான். ஒன்று நாலாகி, மணவறையைச் சுற்றி நின்ற மாமன்மார் நாலு பேரும் பூவாக நின்றார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இங்கே பிள்ளையாரையும் விடவில்லை, தும்பிக்கைக்கு மேலே ஒன்று பூத்தது. லீலாதேவி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். மாஸ்டருக்கோ கண் கலங்கிவிட்டது. பெண் பிள்ளையைப் பெற்றவர், பாவம்.

பெட்டியும் விசிறியும் சேர்ந்து இழுத்த இழுப்பில் கரண்ட் போனது. கீழிருந்து ஆஸியா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"என்ன மகன், வீட்டையே எரிக்கப் போறீங்களா?"

கரண்ட் திரும்ப வந்தது. திரையில் பூவும் வந்தது. ஆஸியா உம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அட, இது எங்கட மகளோட நிக்காஹ்ல வந்த அதே பூதானே! அந்த ஸ்டூடியோல ரெண்டு கொப்பி தருவாங்க. ஆம்புளைங்களுக்குப் பூவோட, பொம்புளைங்க பார்க்கப் பூ இல்லாம. அந்தப் பொம்புளைங்க கொப்பியப் போட்டுப் பாருங்களே மகன்."

தேவராசா தேடினான். மெனுவின் அடியில் 'லேடீஸ் கொப்பி' என்று றிஸ்வி அடித்து வைத்திருந்தது கிடைத்தது. அமுக்கினான். பிள்ளையார், ஐயர், மாமன்மார் எல்லார் முகத்திலிருந்தும் பூக்கள் பொலபொலவென்று உதிர, கமலாசனி நிலவாக வந்து நின்றாள்.

மாஸ்டர் ஆஸியா உம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். தேவராசா எழுந்து நின்று ஆடாத குறை. அவனுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாஸ்டரே பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, தேவராசா மெருகேற்றினான்.

"கண்டி வாவிக்கரையில மாப்பிள்ளை கச்சான் சாப்பிட்டுக்கொண்டு நடந்து வாறார் எல்லே, அதை முதலாவதாப் போடும். மெதுவா, ஸ்லோ மோஷனில."

"போட்டாச்சு மாஸ்டர்."

"தலதா மாளிகைக்கு முன்னால நிண்டு கை காட்டினதும் வரட்டும். அவற்ற முழுப் பேரையும் போடும். திகதியைப் போடும். கீழ, கண்டி, இலங்கை எண்டு பெரிய எழுத்தில போடும். ஒருத்தருக்கும் ஒரு சந்தேகமும் வரக்கூடாது!"

பின்னேரம் டிஸ்க் சுடச்சுட வெளியே வந்தது. மூவரும் இருந்து முழுவதையும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மூக்கு நுனி மச்சம்கூடக் கண்ணாடியாகத் தெரிந்தது. லீலாதேவி பால் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாஸ்டர் டிஸ்க்கை விசாக் கடுதாசிகளுக்கு மேலே வைத்து, உறையில் போட்டு, ஒட்டி, திருநீறும் பூசினார்.

அப்போதுதான் கமலாசனி, செருப்புக்கூடப் போடாமல், கையில் ஃபோனோடு படியேறி ஓடிவந்தாள்.

"அப்பா, அதைக் குடுத்துப்போடாதேங்கோ! இவர் இப்பதான் கனடாவிலயிருந்து எடுத்துக் குழறுறார். இலங்கைக்குள்ள ஒரு அடி வைச்சாலும் உயிர் தப்பமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினதாலதானாம் அவரை அங்க அகதியெண்டு இருக்க விட்டவை!"