நுரையடக்கியார்

இந்தக் காலத்து ஜனங்கள் ஒரு ஜோடி செருப்பு வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்குகிறார்கள். வளைத்துப் பார்க்கிறார்கள், முகர்ந்து பார்க்கிறார்கள், போட்டு நடந்து பார்க்கிறார்கள். கடைசியில் "யோசிச்சுச் சொல்றேன்" என்று கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். அதே ஆசாமிகள் தங்கள் சிறுநீரகத்தை மட்டும், ஊர் பேர் தெரியாத ஒரு தாடிக்காரனிடம் முதல் பார்வையிலேயே ஒப்படைத்துவிடுகிறார்கள். அங்கே யோசனையே கிடையாது.

பழைய இரும்புக்கடைக்காரருக்கு இதுதான் விளங்கவில்லை. அவர் யாரையும் லேசில் நம்பாத மனுஷர். பித்தளை என்று யாராவது கொண்டு வந்தால் அரத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பார். தன் கடைத் தராசின் மேலேயே அவருக்குச் சந்தேகம் உண்டு. டாக்டர்களையும் நம்ப மாட்டார். படிப்பு கொஞ்சம், சந்தேகம் நிறைய.

அந்தத் தாடிக்காரருக்கு ஜனங்கள் வைத்த பெயர் நுரையடக்கியார். மூடிப்போன ஒரு நாற்காலிக் கடையின் மாடியில் தர்பார். விடிந்ததும் தெரு முனை வரை வரிசை நிற்கும். ஆளுக்கொரு பாட்டில். இருமல் மருந்து பாட்டில், ஜூஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், எல்லாவற்றிலும் காலைச் சிறுநீர். கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள்.

வைத்தியம் சுலபம். பாட்டிலை வாங்கி ஐயா ஒரு குலுக்குக் குலுக்குவார். பொசபொசவென்று நுரை எழும்பும். "பார்த்தீங்களா! அழுகின புரதம்! உங்க செல்லுக்குள்ள புரதத்தை உடைக்கிற குப்பைக்காரன் ஒருத்தன் இருக்கான். அவன் தூங்கிட்டான். இப்ப எழுப்புறேன்" என்பார். கண்ணை மூடித் தாடியை மூன்று தரம் உருவுவார். பளபளவென்று எண்ணெய் ஊறிய தாடி. உருவிய விரலைப் பாட்டிலுக்குள் விட்டு ஒரு சுற்று. நுரை சொய்யென்று அடங்கிவிடும். மறுபடி குலுக்கினால் எழும்பாது. குப்பைக்காரன் எழுந்துவிட்டான். ஆஸ்பத்திரி மாத்திரைகளை மூலையில் இருக்கும் டிரம்மில் போட்டுவிட்டு, பொடி வாங்கிக்கொண்டு போகலாம். பொடிக்கு விலை கிடையாது. கொடுக்காமல் போனவர்களும் கிடையாது.

கடைக்காரரின் தங்கை புருஷன், தையல்காரர், அந்த டிரம்மில் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர்.

கடைக்காரர் பார்க்கப் போனபோது மிஷின் பெடலில் இருந்த கால், கால் மாதிரியே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது. விரலை எடுத்தும் குழி அப்படியே கிடந்தது.

"என்ன மாப்ளே இது?"

"நோய் இறங்குது மச்சான். கால் வழியா வெளியே போயிடுமாம். ஐயா சொன்னாரு."

"எந்த விரல் வழியாப் போகும்னு சொன்னாரா?"

"உங்களுக்கு எல்லாமே கேலி. என் கண்ணு முன்னாடி நுரை போச்சு மச்சான்!"

உள்ளேயிருந்து தங்கை வந்தாள். "அண்ணே, படுத்தா மூச்சு வாங்குது இவருக்கு. உட்கார்ந்தே தூங்குறாரு. நீயாவது கேளேன்."

"நீ சும்மா இரு" என்றார் தையல்காரர். "மச்சான், திட்டுறதுக்கு யார் வேணா வருவாங்க. அது பொய்யின்னு என் கண்ணுக்குக் காட்டுங்க. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

கடைக்காரர் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

"கிட்னியில ஒரு சல்லடை இருக்குங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. "புரதம் அதுல நின்னுடணும். கொஞ்சம் கசிஞ்சா, பின்னால குழாய்ல இருக்கிற செல்லு அதை விழுங்கி, உடைச்சு, துண்டாக்கி, உடம்புக்கே திருப்பிக் கொடுத்துடும். நீங்க உடைசலை வாங்கிப் பிரிச்சு, உருப்படியானதை விக்கிறீங்கல்ல, அது மாதிரி."

"சரி."

"சல்லடை கிழிஞ்சுபோச்சு. உங்க கடை வாசல்ல லாரி லாரியா உடைசலைக் கொட்டிக்கிட்டே இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"கடையைச் சாத்திட்டுப் போவேன்."

"செல்லும் அப்படித்தான் திணறிச் சாகுது. அந்த இடம் தழும்பாயிடும். தழும்பு வடிகட்டாது. மாத்திரை அந்தக் கசிவைக் குறைக்கும். நிறுத்தினா லாரி திரும்ப வந்துடும்."

"நீ அந்தச் செல்லைப் பார்த்திருக்கியாம்மா?"

"மைக்ராஸ்கோப்புல பார்த்திருக்கேன்."

"நான் பார்க்கலையே."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "அப்ப நீங்க பார்க்கிற மாதிரி ஒண்ணு சொல்றேன். அவ்வளவு கசிவு இருந்தா, சிறுநீரைச் சூடு பண்ணினா முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெள்ளையாத் திரியும். நுரையை எவன் அடக்கினாலும் திரியும்."

நம்பு என்று சொல்லாமல் செய்து பார் என்று சொன்னது கடைக்காரருக்குப் பிடித்துவிட்டது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் முட்டை வெள்ளையைத் தண்ணீரில் கலக்கி, நிறத்துக்கு இரண்டு சொட்டு டீ விட்டு, ஒரு பாட்டிலில் அடைத்து எடுத்துக்கொண்டு நுரையடக்கியாரின் வரிசையில் போய் நின்றார். பையில் கையடக்கமான கேஸ் அடுப்பு, இரண்டு எவர்சில்வர் கிண்ணம். பக்கத்தில் தையல்காரர், தன் பாட்டிலோடு. அவர் பாட்டில்தான் முதலில் போனது. குலுக்கல், தாடி, விரல். நுரை அடங்கியது. தையல்காரர் மச்சானைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு ராஜ்ஜியத்தை வென்ற களை.

அடுத்தது கடைக்காரர் பாட்டில்.

"யாருக்கு?"

"வீட்டுல இருக்கிறவளுக்குங்க."

ஐயா குலுக்கினார். நுரை பாட்டில் வாயைத் தாண்டி வந்தது. "அடடா, முத்திப்போச்சு! ஒரே இடத்துல உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வியாதி!" தாடி, விரல், சுற்று. நுரை படிந்தது. "குணம்! மாத்திரையை டிரம்முல போடச் சொல்லு."

"மாத்திரை எல்லாம் சாப்பிடுறதில்லைங்க. சோளம்தான். மத்தபடி நீங்க சொன்னது சரி, அடைகாக்க உட்கார்ந்தா எழுந்திரிக்கவே மாட்டா. கோழிங்க. இது முட்டை."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "கோழிக்கே குணமாயிடுச்சுன்னா, மனுஷனுக்கு ஆகாதா!"

கைதட்டல் கிளம்பியது. ஐயாவுக்கும் தெம்பு வந்துவிட்டது. "எல்லா உயிரும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். இன்னும் பலமான கைதட்டல்.

கடைக்காரர் தரையில் உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு கிண்ணத்தில் குணமான கோழியை ஊற்றினார். சூடு ஏற ஏற வெள்ளை வெள்ளையாகத் திரிந்தது. "இது புரதம். நுரைதான் போச்சு, இது போகலை. மாப்ளே, உன்னோடதைக் கொடு."

தையல்காரர் கொடுக்கவில்லை. கடைக்காரரே வாங்கி ஊற்ற வேண்டியிருந்தது.

கிண்ணத்தின் அடி முதலில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு மங்கியது. பிறகு தெரியவே இல்லை. கோழியுடையதும் தையல்காரருடையதும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வெள்ளையாகத் திரிந்து கிடந்தன.

"மச்சான்..." என்றார் தையல்காரர். பார்வை மூலையில் இருந்த டிரம்முக்குப் போனது.

"இப்ப தாடியைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றார் கடைக்காரர், ஐயாவைப் பார்த்து. "வந்து இன்னொரு பாட்டிலை அடக்குங்க."

ஐயாவுக்குத் தியான நேரம் வந்துவிட்டது. பின்படிக்கட்டு வழியாகத் தியானத்துக்குப் போனவர் திரும்பவில்லை. கடைக்காரர் தன் தலையில் விரலைத் தேய்த்து, யாரோ நீட்டிய பாட்டிலில் விட்டார். நுரை அடங்கியது. "எண்ணெய் பட்டா எந்த நுரையும் அடங்கும். கிரீஸ் கையைச் சோப்பு வாளியில விட்டுப் பாருங்க."

ஒரு அம்மா கும்பிட்டாள். "ஐயா, உங்க தலையிலயும் அந்தச் சக்தி இருக்குங்க! எங்க வீட்டுக்காரர் பாட்டிலையும் தொடுங்க."

கடைக்காரர் தங்கை புருஷனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சாயங்காலம் தங்கை போனில் சொன்னாள்: கிட்னியில் கொஞ்சம் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம், படுக்க வைத்து ஊசி போட்டிருக்கிறார்கள். "இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டு வை" என்றார் கடைக்காரர்.

கிண்ணங்களை எடுக்க மாடிக்குத் திரும்பியபோது தெருவில் இன்னும் கும்பல் கலையவில்லை.

"அடுத்த தெருவுல ஒருத்தர் இருக்காராம்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். "இவன் மாதிரி ஏமாத்துறவர் இல்ல. தாடியே கிடையாதாம்."

கடைக்காரர் நின்றார். "ஏன்யா, உங்க மூத்திரம், உங்க அடுப்பு. சூடு பண்ணிப் பார்க்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும்கூடவா ஒரு ஐயா வேணும்? உங்க கழுத்துக்கு மேல இருக்கிறதை எப்பத்தான் வேலைக்கு அனுப்பப் போறீங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். நுரையடக்கியாருக்கும் இதே மாதிரிதான் ஆட்டினார்கள். கடைக்காரர் அந்தத் தலைகளை ஒரு தரம் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.