பப்பாதி அண்ணாச்சியின் மின்சாரக் கடிகாரம்

பேசிய அளவுக்கு வாயை மூடியும் இருக்க வேண்டும் என்று சட்டம் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட்டு வாழ்ந்த மனிதர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் முழுவதிலும் ஒருவர்தான் இருந்தார். அவர் துரதிர்ஷ்டவசமாக என் வேலையிடத்துக்குப் பக்கத்துக் கடையில் இருந்தார்.

கோட்டாற்றில் ஓர் அச்சகத்தில் நான் அப்போது புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். அடுத்த கடை ரேடியோ ரிப்பேர். கடைக்காரரின் சொந்தப் பெயர் அவர் பெயர்ப்பலகையில்கூடக் கிடையாது. ஊருக்கு அவர் பப்பாதி அண்ணாச்சி. யுத்தத்தில் பர்மா பக்கம் ராணுவத் தந்திப் பிரிவில் இருந்துவிட்டு, ஒரு பெட்டி நிறைய ரேடியோ வால்வுகளோடும் ஒரே ஒரு கொள்கையோடும் திரும்பி வந்தவர்.

"எந்த மிஷினும் ஓடுன நேரத்துக்கு ஓயணும் மக்கா. பாதி ஓட்டம், பாதி ஓய்வு. இதுல ஒண்ணு கூடிச்சுன்னா மத்தது செத்துப்போவும்."

இதைப் பத்து நிமிடம் விளக்குவார். பிறகு பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் கடைக்குத் தீப்பிடித்தால்கூடச் சைகையால்தான் சொல்வார். ரேடியோவைக் கொடுத்துவிட்டு "எப்ப கிடைக்கும்?" என்று கேட்டவர்கள், ஓய்வு நேரத்தில் மாட்டிக்கொண்டால், பதிலுக்காகக் காத்திருந்து ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தார்கள்.

இந்த ஞானம் பெரும்பாலும் என் மேஜைக்கு எதிரேதான் பொழியும். அதனால், புதுக் கடை திறப்புக்கு நோட்டீஸ் அடிக்க வந்த ஜவுளிக்கடை முதலாளி, "ஊரே அண்ணாந்து பாக்குற மாதிரி கடை முகப்புல என்னவாவது வைக்கணும் தம்பி" என்று சொன்னபோது, என் மூளை சுயநலமாக வேலை செய்தது.

"நம்ம பப்பாதி அண்ணாச்சிகிட்ட மின்சாரக் கடிகாரம் ஒண்ணு செய்யச் சொல்லுங்க மொதலாளி. அவரு செய்வாரு. அதுக்கு நான் பொறுப்பு."

ஒரு மாதம் அண்ணாச்சி என் பக்கம் வரமாட்டார் என்பதுதான் என் கணக்கு. முதலாளியோ "நான் பொறுப்பு" என்ற கடைசி வார்த்தையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். 'கோட்டாற்றின் முதல் மின்சாரக் கடிகாரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு' என்று நோட்டீஸும் அடித்தாயிற்று. புரூப் பார்த்தவன் நான்தான். பிழை ஒன்றும் இல்லை.

கடிகாரத்தின் தத்துவத்தை அண்ணாச்சி எனக்குச் சொன்னார். முள்ளுக்குப் பின்னால் ஒரு காந்தம். மின்சாரம் வந்தால் அது ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும், முள் ஒரு விநாடி நகரும். மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புவதற்கு இரண்டு வால்வுகள். ஒன்று விழித்திருக்கும்போது மற்றது தூங்கும். பிறகு அதை எழுப்பிவிட்டு இது தூங்கும். இரண்டும் சம நேரம் தூங்கினால் எல்லாம் சுபம்.

தூங்கவில்லை. யுத்தத்தில் அடிபட்ட வால்வுகள். ஒன்று கும்பகர்ணன், மற்றது கோழித்தூக்கக்காரன். மின்சாரம் அதிக நேரம் இருந்தால் இரும்புத் துண்டு திரும்ப நேரமில்லாமல் காந்தத்திலேயே ஒட்டிக்கொண்டது. குறைந்த நேரம் இருந்தால் இழுபடவே இல்லை. இரண்டு விதத்திலும் முள் நின்ற இடத்திலேயே நின்று, குளிர் கண்டதுபோல் நடுங்கியது.

அண்ணாச்சி ஒரு மீட்டரை மாட்டினார். மின்சாரம் பாதி நேரம், ஓய்வு பாதி நேரம் என்றால் அதன் ஊசி சரியாக நடுவில் நிற்குமாம். காலையில் திருகித் திருகி நடுவில் நிறுத்துவார். வால்வு சூடாகி, மத்தியானம் ஊரில் மின்சாரமும் மெலிந்ததும் ஊசி ஓரத்துக்குப் போய்விடும். மறுபடி திருகுவார். பதினெட்டு நாள் இப்படியே போனது. தாடி வளர்ந்தது. பேச்சு நின்றுவிட்டது. பேசாத அளவுக்குப் பேசவேண்டிய பாக்கி எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நான் புரூப்பின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அச்சகத்துக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"மக்கா, மொதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லிரு. நான் மார்த்தாண்டத்துல மச்சான் வீட்டுக்குப் போயிருதேன்."

"நான் எங்க போறது அண்ணாச்சி? எனக்கு மச்சானே இல்லியே."

கோபத்தில் எழுந்து, தலைக்கு மேலிருந்த விளக்கின் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். எரிந்தது. அவர் முகம் இருந்த நிலையைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடி இழுத்து, பிடித்தபடியே நின்றேன். அணைந்தது.

"இன்னொருக்கா இழு."

இழுத்தேன்.

"நீ பட்டுனு இழுத்தாலும் ஒண்ணுதான், தொங்கிக்கிட்டுக் கெடந்தாலும் ஒண்ணுதான். ஒரு இழுப்புக்கு எரியுது, மறு இழுப்புக்கு அணையுது. என்ன, இழுப்பு மட்டும் சீரா வரணும். வருதே. அதுதான் வருதே மக்கா."

எழுந்து ஓடினார். பழைய வால்வுச் சோடி எவ்வளவு ஏறுமாறாகத் தூங்கினாலும் கவலையில்லை. அதன் ஒவ்வொரு துடிப்பும் ஒரு கயிற்று இழுப்பு. புதிதாக ஒரு வால்வுச் சோடி, ஒரு துடிப்புக்கு மின்சாரத்தை விடும், அடுத்த துடிப்புக்கு நிறுத்தும். வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஊசி நடுவில் ஆணி அடித்தாற்போல் நின்றது. முள் டக் டக்கென்று நகர்ந்தது. மணி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, படித்தவனான எனக்கும் தோன்றவில்லை.

பத்து மணிக்கு, முள்ளைப் பத்தில் வைத்து ஓடவிட்டு, திறப்பு விழா. ஊரே அண்ணாந்து பார்த்தது. புதுக் கடிகாரத்துக்கு அவமரியாதை கூடாதென்று முதலாளி தன் பாக்கெட் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஒரு வாத்தியார் தன் கைக்கடிகாரம் ஒரு மணி நேரம் முந்துவதைக் கண்டு வெட்கப்பட்டு, அதைத் திருத்திக்கொண்டு போய், திருவனந்தபுரம் பஸ்ஸைத் தவறவிட்டார்.

கடிகாரம் பதினொன்றே கால் காட்டியபோது பள்ளிவாசலில் மோதினார் ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்.

"மோதினாருக்கு இன்னிக்கு என்ன அவசரம்?" என்றார் முதலாளி. பிறகு வாசலில் தன் நிழல் காலடியில் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ பொறுப்புன்னுல்லா சொன்ன? தொழுதுட்டு வாறேன். இங்கேயே இரு."

நான் அண்ணாச்சியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "பாங்கு பன்னெண்டரைக்குவே. ரெண்டரை மணி நேரத்துல ஒண்ணேகால் மணி நேரந்தான் ஓடியிருக்கு. என்னவே பண்ணி வச்சிருக்கீரு?"

"ஊசி நடுவுலதானே நிக்குது?" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அட. ரெண்டு இழுப்புக்கு ஒருக்காதான் முள்ளு நகருது. அப்பம் வேகம் பாதியாயிரும்லா."

வாழ்நாள் முழுக்கப் பாதியையே உபதேசித்தவருக்கு அந்தப் பாதி மட்டும் தெரியாமல் போயிருக்கிறது.

ஏணியில் ஏறினார். முதல் சோடியில் துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் இரண்டு கண்டென்சர்களைக் கழற்றி, அவற்றில் பாதி அளவுள்ள இரண்டைப் பொருத்தினார். அது இரட்டை வேகத்தில் துடிக்கத் தொடங்கியது. கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலாளி திரும்பி வந்து, வீட்டிலிருந்து பாக்கெட் கடிகாரத்தை வரவழைத்து, அதைப் பார்த்து முள்ளைத் திருத்தச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கடை அடைக்கும்வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட விலகவில்லை. கடைசியில், "நல்லாத்தான் ஓடுது வேய்" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி திரும்பி நின்று வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பம்பாயில் ரேடியோக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. கடையைக் காலி செய்துகொண்டு போனார். அந்த இடத்துக்கு ஓர் அரிசிக் கடை வந்தது. தங்கமான மனிதர்கள், என் மேஜைப் பக்கமே வரமாட்டார்கள். நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்றிருந்தேன். ஆறு மாதம்கூட என்னால் அங்கே இருக்க முடியவில்லை.