கையேடு படித்த கசிவு

இந்த ஜென்மத்தில் உடற்பயிற்சி செய்வதில்லை என்று ஏப்ரல் மாதத் திங்கட்கிழமை ஒன்றில் முடிவெடுத்தேன். அன்றுதான் நர்ஸ் என்னை எடை பார்த்து, ஆறு கிலோ குறைக்கச் சொன்னாள். நான் வீடு வந்து சேருவதற்குள் என் மனைவி க்ளெனிஸ், ஊர் மண்டபத்தில் நடக்கும் பெண்கள் நடனப் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டாள். இங்கிலாந்தில் லட்லோ பக்கத்தில் முப்பது வருஷம் தபால் கொடுத்த வில்ஃப் டிரான்டர், பதினோரு பெண்மணிகள் நடுவில் டவுசரோடு குதிப்பதா?

"மாட்டேன், க்ளெனிஸ்."

"சரி, வேணாம் கண்ணு."

முப்பத்து நாலு வருஷத்தில் நான் ஜெயித்த முதல் வாக்குவாதம். பயந்திருக்க வேண்டும். நானோ மீசையை முறுக்கிக்கொண்டேன்.

என் கவலை வேறு. ஜூன் முதல் ஞாயிறு எங்கள் காற்றுத்துப்பாக்கிச் சங்கத்தின் போட்டி. இருபது குண்டு, இருபது தகர எலி. எட்டு வருஷமாக நான் இரண்டாமிடம். கோப்பை எங்கள் சங்கத்து செட்ரிக் வீட்டு அலமாரியில். "இந்த வருஷம் கோப்பை என் வீட்டுக்கு வரலேன்னா துப்பாக்கிய வித்துடறேன்" என்று பப்பில் நாலு பேர் முன்னால் சொல்லித் தொலைத்திருந்தேன்.

என் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. வயிற்றில் காற்றை அடைத்து வைத்திருக்கும் சாது அது. உள்ளே இருநூறு பார் அழுத்தம் இருந்தால் குண்டு நேராகப் போகும். சைக்கிள் பம்புக்குப் பெரியப்பா மாதிரி ஒரு கைப்பம்பால் நிரப்ப வேண்டும். பத்து அடி, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. அவசரப்பட்டால் பம்ப் சூடாகி ரப்பர் வளையம் போய்விடும். எண்ணெய் ஒரு சொட்டும் ஆகாது, அந்த அழுத்தத்தில் தீப்பிடிக்கும். சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். அழுத்தம் காட்டும் முள்ளை நூறுக்குக் கீழே விடவும் கூடாது. கையேட்டில் இதையெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, க்ளெனிஸைச் சமையலறையில் உட்கார வைத்து வாசித்தும் காட்டியிருக்கிறேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

மறுநாள் செவ்வாய், மதியத் தூக்கம் முடிந்து நாலு மணிக்கு எடுத்துப் பார்த்தால், முள் நூறில் நிற்கிறது. தொண்ணூறு அடி அடித்து இருநூறாக்கினேன். புதன்கிழமை நாலு மணிக்கு மறுபடி நூறு. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை. வளையங்களை மாற்றினேன். வியாழன், நூறு. செட்ரிக்குக்குப் போன் போட்டேன்.

"ராத்திரி ஒழுகுதா?"

"இல்ல. மதியம் மட்டும்."

"எங்க நிக்குது?"

"சரியா நூறுல."

"வில்ஃப், கையேடு படிச்ச கசிவு நான் பாத்ததே இல்ல."

ஆனாலும் நல்ல மனுஷன். முக்குளிப்பவர்கள் முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் ஒன்றை இரவல் கொடுத்தான். அதில் மாட்டி மெல்லத் திறந்தால் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். கோட்டுக்குள் மறைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். க்ளெனிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"கழுத்துல தேதி பொறிச்சிருக்கே."

"இருக்கட்டும்."

"அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் சோதிக்கணும்னு நீதானே வாசிச்சுக் காட்டுன? இதுக்கு ஏழு ஆச்சு."

"செட்ரிக் தினமும் இதுலதான் காத்து அடிக்கிறான்."

"செட்ரிக்குக்கு ஆயுசு கெட்டி. என் ஜன்னலுக்கு எப்படின்னு தெரியாது. கொண்டுபோய்க் குடுத்துடு கண்ணு."

கொடுத்துவிட்டு வந்து பம்பைப் பிடித்தேன். ஆறு வாரம். தினம் தொண்ணூறு அடி. பேன்ட் இடுப்பில் நிற்க மறுத்தது. கசிவைப் பற்றிய கவலை என்னைத் தின்கிறது என்று நினைத்தேன். ஈயக் குண்டு டப்பாவும் வேகமாகக் குறைந்தது. கவலையில் எண்ணிக்கை தப்புவது சகஜம் என்று அதையும் விட்டுவிட்டேன்.

போட்டி நாள் வந்தது. செட்ரிக் பதினேழு எலி. நான் பதினெட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கோப்பையை வைக்க எங்கள் அலமாரியில் எந்தத் தட்டு என்றுகூட யோசித்துவிட்டேன். அப்போது செயலாளர் கடைசிப் பெயரை வாசித்தார்.

"திருமதி க்ளெனிஸ் டிரான்டர்."

தோட்டத்து ரப்பர் பூட்ஸோடு வந்து, என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள். முதலில் முள்ளைப் பார்த்தாள்.

"நூத்தம்பது. போதும்."

இருபது குண்டு. இருபது எலி. கடைசி எலி விழுந்தபோது செட்ரிக் தொப்பியைக் கழற்றினான்.

"எப்ப பழகுன?" என்றேன்.

"ரெண்டுலேருந்து நாலு வரைக்கும். நீ குறட்டை விடறப்போ. ஷெட்டுக்குப் பின்னாடி மணல் பெட்டி வெச்சு."

"துப்பாக்கிப் பெட்டி சாவி?"

"பிஸ்கட் டப்பாவுல ஒளிச்சு வெச்சா? அந்த டப்பாவ நிரப்பறது யாரு?"

"எனக்குச் சத்தமே கேக்கலியே."

"எனக்குத் தலைவலி வரக் கூடாதுன்னு நீதானே சத்தம் அடக்குற குழல் வாங்கி மாட்டுன? அந்த அக்கறைதான் கண்ணு உங்கிட்ட எனக்குப் பிடிச்சது."

"ஆனா நூறுலயே நின்னுதே..."

"அதுக்குக் கீழ விட்டா துப்பாக்கிக்கு ஆகாதுன்னியே. நீ சொல்லி நான் என்னிக்கு மீறியிருக்கேன்?"

திங்கட்கிழமை க்ளெனிஸும் கூட வர, நர்ஸ் எடை பார்த்தாள். ஏழு கிலோ குறைந்திருந்தேன். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். என்னைப் பம்ப் அடிக்க வைத்தது எப்போதோ பேசி வைத்த விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கோப்பை என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஆகவே நான் வாக்குத் தவறவில்லை, துப்பாக்கியையும் விற்கவில்லை. விற்கவும் முடியாது, அடுத்த மாதம் க்ளெனிஸுக்கு மாவட்டப் போட்டி இருக்கிறது. மதியத் தூக்கம்தான் போய்விட்டது. இரண்டு மணிக்கு நான் பம்ப் அடிக்கிறேன். அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டே எண்ணுகிறாள்.