எழுபத்தெட்டுப் புள்ளி வாங்கிய மனு

தெல்தோட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் ஸாகிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா ஹிதாயாவும் நலம். மகள் ரிப்காவும் வயிற்றுப் பிள்ளையும் நலம். பன்விலயில் நீங்களும், மாமியும், புதிதாக வந்திருக்கும் உங்கள் பாலமும் நலமாக இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. பாலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எனக்கு வயிறு எரிகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்ம பேராசிரியர் எம்.பி. ஆனதும், படித்த மனிதர் ஒருவர் பாராளுமன்றம் போகிறாரே என்று ஊரே பட்டாசு கொளுத்தியது. முப்பது வருசம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? சனங்கள் கொடுக்கிற மனுவையெல்லாம் சிவப்புப் பேனையால் திருத்தி, புள்ளி போட்டுத் திருப்பி அனுப்புகிறார். எங்கள் ஆற்றுப் பலகைப் பாலம் உக்கிப்போனது, ரிப்கா பிள்ளை உண்டாகியிருக்கிறாள், பிரசவத்துக்குப் போகையில் த்ரீவீல் அக்கரையிலேயே நின்றுவிடும் என்று நான் எழுதிய முதல் மனுவுக்கு நாற்பத்திரண்டு. "உணர்ச்சி அதிகம், உசாத்துணை நூல்கள் இல்லை" என்று ஓரத்தில் குறிப்பு. தபால் கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்தவன் விடுவேனா, மழைவீழ்ச்சி அட்டவணை, பலகையின் நீள அகலம், கிராம சேவகரின் பேட்டி, பதினாறு அடிக்குறிப்பு எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு பக்கம் அனுப்பினேன், எழுபத்தெட்டு வந்தது மச்சான்! பள்ளிவாசலில் எல்லாருக்கும் காட்டினேன். மடுல்கெல்ல ஊர்க்காரரின் மனுவுக்கு அறுபத்தொன்றுதானாம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? கொப்பித் தாளைக் கிழித்து, "ஐயா, பாலம் இல்ல, வந்து பாருங்க" என்று ஒரே வரி. பதினெட்டுப் புள்ளி. சித்தியில்லை, பெயில். "தகவல் போதாது, நேரில் ஆராய வேண்டும்" என்று மனுசன் தானே வந்து, உங்கள் ஆற்றின் மேல் கிடந்த பலகையில் கால் வைத்து, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழும்பினார். மூன்றே மாதத்தில் கொங்கிறீட் பாலம்! என் மனுவின் அடியில் என்ன எழுதினார் தெரியுமா? "நேரில் பார்த்தது போலவே இருக்கிறது. ஆகவே வரத் தேவையில்லை."

இதை நான் பெருமையாக வாசித்துக் காட்ட, ரிப்கா கேட்கிறாள்: "வாப்பா, நோவு வந்தா எழுபத்தெட்டுப் புள்ளியில ஏறியா நான் ஆத்தக் கடக்கிற?" அடுத்த மாதம் பிரசவம், பயமா இருக்கு மச்சான். அதனால ரோசத்தை விட்டுக் கேட்கிறேன், எங்க பாலத்துக்கும் நீங்களே ஒரு மனு எழுதித் தாங்க, எவ்வளவு மோசமா முடியுமோ அவ்வளவு மோசமா. நான் எழுதினா எப்படியும் பாஸாகிடும். மனுசன் வந்து விழுந்தா அவசரத்துக்கு நாலு பலகையாவது போடுவாங்க. நான் மட்டும் இனி அவர் முகத்தில முழிக்கவே மாட்டேன், இது சத்தியம்.

மாமிக்கு என் ஸலாம். பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் மஹ்மூத்

பி.கு.: மனு எழுத வேண்டாம். இப்போதுதான் பேராசிரியரின் காரியாலயத்திலிருந்து டெலிபோன் கோல் வந்தது. மாவட்டத்திலேயே சிறந்த மனு என்னுடையதாம், அவர் கையாலேயே சான்றிதழ் தருகிறாராம், ஞாயிற்றுக்கிழமை, உங்கள் பாலத் திறப்பு விழாவில். கோட்டை அயர்ன் பண்ணக் கொடுத்தாச்சு. ரிப்காவும் பெட்டியோடு வருகிறாள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் உங்க வீட்டுலதான் இருப்பாள். அங்கதானே பாலம் இருக்கு.